உரிமம் பெற்ற வரைகதைகளில் படைப்பாளர் உரிமையும் முற்றுப்பெறாத கதைகளும்

உரிமம் பெற்ற வரைகதை என்பது ஒரு நிறுவனத்திற்கு உடைமையான கதைமாந்தரையோ கதையையோ அந்நிறுவனத்தின் அனுமதியுடன் வேறொரு பதிப்பகம் வெளியிடும் படக்கதை ஆகும். வீடியோ கேம் எனப் பரவலாக அறியப்படும் நிகழ்பட ஆட்டங்களைத் தழுவி வரையப்படும் வரைகதைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பிறநாட்டு வரைகதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடும் சிவகாசிப் பதிப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இத்தகைய வரைகதைகளில் எழுதியவர், வரைந்தவர், உடைமையாளர், வெளியீட்டாளர் ஆகியோர் வெவ்வேறு தரப்பினராக இருப்பதால், கதை யாருக்கு உரியது என்ற வினா அடிக்கடி எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை கிடைக்காமற் போகும்போது கதை பாதியில் நின்றுவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் இத்துறையின் மையமாக விளங்குவது விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி ஆகும். சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய மூன்று நகரங்களும் விருதுநகர் - தென்காசி தொடருந்துப் பாதையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அச்சுத்தொழில் சிவகாசியில் நடைபெறுகின்றது. மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமோ மாவட்டத் தலைநகரான விருதுநகரில் இல்லாமல் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. பதிப்புரிமை வழக்குகளைப் பொறுத்தவரை இது வெறும் புவியியற் செய்தி அன்று. அதற்கான காரணம் கீழே விளக்கப்பட்டுள்ளது.

சொற்குறிப்பு

தமிழில் பதிப்புரிமை, காப்புரிமை ஆகிய இரு சொற்களும் நெடுங்காலமாக மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. புதிய கண்டுபிடிப்புக்கு அரசு வழங்கும் உரிமையையும் நூல், ஓவியம், இசை போன்றவற்றின் மீது படைப்பாளருக்குத் தானாகவே தோன்றும் உரிமையையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பமே மிஞ்சும். இக்கட்டுரையில் பின்னது பதிப்புரிமை என்றே குறிக்கப்படுகின்றது. பதிப்புரிமையை முழுமையாக மாற்றிக் கொடுப்பது உரிமை மாற்றம் எனவும், உடைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் அனுமதி அளிப்பது உரிமம் எனவும் குறிக்கப்படுகின்றன.

சிவகாசி வரைகதைகள்

எம். சௌந்தரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவி என்னும் இதழுடன் தொடங்கியது. அவருடைய மகன் எசு. விஜயன் 1984இல் லயன் காமிக்ஸ் இதழைத் தொடங்கினார். மாடஸ்டி பிளைசி கதையான கத்தி முனையில் மாடஸ்டி அதன் முதல் இதழாகும். தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸ் இதழும் அதே ஆண்டில் தோன்றி 2005 வரை வெளிவந்தது. 2000களில் இடைவெளி விட்டு வெளிவந்த சிவகாசி இதழ்கள் 2012 சனவரியில் வெளியான கம்பேக் ஸ்பெசல் முதல் வண்ண அச்சில் ஒழுங்காக வரத்தொடங்கின.

தொடக்ககால இதழ்களின் நாயகர்கள் பலர் இலண்டனைச் சேர்ந்த ஃப்ளீட்வே நிறுவனத்தின் உடைமைகள் ஆவர். இரும்புக்கை மாயாவியின் மூலம் 1962 அக்டோபரில் வெளிவந்த வேலியண்ட் வார இதழின் முதல் எண்ணில் தொடங்கிய தொடர் ஆகும். அதனை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரான கென் புல்மர். பின்னர் டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் இயேசூசு பிளாசுகோ. ஆனால் அக்காலப் பிரித்தானிய வார இதழ்களில் எழுத்தாளர் பெயரோ ஓவியர் பெயரோ அச்சிடப்படுவதில்லை. படைப்பாளருக்குப் பக்கக் கணக்கில் ஒருமுறை ஊதியம் வழங்கப்பட்டது. அத்துடன் அனைத்து உரிமைகளும் நிறுவனத்தைச் சேர்ந்தன. மறுபதிப்புகளுக்கும் பிறமொழிப் பதிப்புகளுக்கும் அவர்களுக்குப் பங்கு கிடையாது. பிளாசுகோவின் கோடுகளைத் தெருவிளக்கின் கீழ் வைத்து இரசித்த இராசபாளையத்துச் சிறுவன் ஒருவனுக்கு அவருடைய பெயரை அறிய வழியே இருக்கவில்லை. மூல இதழிலேயே அது இல்லை.

ஸ்பைடர் என்னும் குற்றவியற் சக்கரவர்த்தியின் கதை இன்னும் வியப்பானது. 1965இல் பிரித்தானிய லயன் இதழில் டெட் கோவன் எழுத்தில், ரெச் பன் ஓவியத்தில் தொடங்கிய இத்தொடரைப் பின்னர் எழுதியவர் செரி சீகல் ஆவார். இவரே சூப்பர்மேன் கதைமாந்தரைச் சோ சசுட்டருடன் சேர்ந்து உருவாக்கியவர். 1938இல் இருவரும் சூப்பர்மேன் மீதான உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். அதனை மீட்கச் சீகல் நடத்திய வழக்குகள் பயனளிக்கவில்லை. 1975இல்தான், பொதுமக்கள் கண்டனம் எழுந்த பிறகு, உடைமையாளரான வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் இதழில் பெயரும் அளிக்க ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் படைப்பாளர் உரிமைப் போராட்டத்தின் அடையாளமாகக் கருதப்படும் ஒருவர், இங்கிலாந்தில் பெயரின்றி எழுதிய கதைகளே லயன் காமிக்சின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் வாசகரைக் கவர்ந்தன.

பிரித்தானிய இதழ்களில் படைப்பாளர் பெயர் அச்சிடும் வழக்கம் 1977இல் தொடங்கப்பட்ட 2000 ஏடி இதழால் ஏற்பட்டது. பெயர் கிடைத்ததே தவிர உடைமை கிடைக்கவில்லை. அவ்விதழில் ஆலன் மூர் எழுதி இயன் கிப்சன் வரைந்த ஆலோ சோன்சு தொடர் 1984இல் தொடங்கி மூன்று பாகங்களுடன் 1986இல் நின்றுபோனது. மேலும் பல பாகங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. கதைமாந்தரின் மீதான உரிமையில் படைப்பாளருக்கு இடமளிக்க நிறுவனம் முன்வராததால் மூர் மேற்கொண்டு எழுத மறுத்துவிட்டார். கிப்சன் 2023இல் காலமானார். கதை இன்றுவரை நிறைவடையவில்லை.

இந்நிறுவனங்களின் உடைமை பலமுறை கைமாறியது. 2000 ஏடி இதழை 2000ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய ஆக்சுபோர்டைச் சேர்ந்த ரெபெலியன் நிறுவனம், 2016இல் 1970க்குப் பிந்தைய ஃப்ளீட்வே படைப்புகளையும், 2018இல் அதற்கு முந்தையவற்றையும் வாங்கியது. ரெபெலியன் அடிப்படையில் ஒரு நிகழ்பட ஆட்ட நிறுவனம் ஆகும். சினைப்பர் எலைட் என்னும் ஆட்டத்தால் அறியப்படுவது. எனவே இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் தமிழில் மீண்டும் வெளியிட விரும்பும் பதிப்பகம் இப்போது அனுமதி பெறவேண்டியது ஒரு நிகழ்பட ஆட்ட நிறுவனத்திடமே.

சோனிக் வழக்கு

நிகழ்பட ஆட்டத்தைத் தழுவிய வரைகதைகளில் படைப்பாளர் உரிமை பற்றிய மிகப் புகழ்பெற்ற வழக்கு சோனிக் த எட்ச்சாக் தொடரைச் சார்ந்தது. சோனிக் என்பது யப்பானைச் சேர்ந்த சேகா நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆட்டத்தின் நாயகன், நீலநிற முள்ளெலி. ஐக்கிய அமெரிக்காவின் ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1993 முதல் இதன் வரைகதையை மாத இதழாக வெளியிட்டது. 290 இதழ்கள் வரை நீடித்த இது, நிகழ்பட ஆட்டத்தைத் தழுவிய வரைகதைகளில் மிக நீண்டகாலம் வந்த தொடராக உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது.

கென் பெண்டர்சு 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2006 வரை இத்தொடரின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவராக இருந்தார். ஆட்டத்தில் நக்கிள்சு என்னும் ஒரே ஒரு எக்கிட்னா மட்டுமே இருந்த நிலையில், அதற்குத் தந்தை, முன்னோர், காதலி, எதிர்கால மகள், பகைக்கூட்டம் என ஒரு பெருங்குலத்தையே அவர் உருவாக்கினார். வெளியேறிய சில ஆண்டுகளுக்குப் பின்னர் இக்கதைமாந்தரின் பதிப்புரிமை தம்முடையது எனக்கூறி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். 2010இல் ஆர்ச்சி நிறுவனம் நியூயார்க்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடர்ந்தது.

வழக்கின் மையம் ஒரு தாள் ஆகும். 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஒருவரிடம் ஒப்படைத்து எழுதி வாங்கிய படைப்பு, இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே, அதுவும் சட்டம் குறிப்பிடும் சில வகைகளுள் அடங்கினால் மட்டுமே, கூலிக்குச் செய்த படைப்பாகக் கருதப்பட்டு நிறுவனத்தைச் சேரும். பெண்டர்சு கையொப்பமிட்ட மூல ஒப்பந்தத்தை ஆர்ச்சி நிறுவனத்தால் காட்ட இயலவில்லை. காட்டப்பட்ட நகல்களின் உண்மைத்தன்மையைப் பெண்டர்சு மறுத்தார். 2013இல் வழக்கு இணக்கமாக முடித்துக்கொள்ளப்பட்டது. நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை என்பதால், இவ்வழக்கில் ஆர்ச்சி தோற்றது என்று எழுதுவது சரியன்று.

இதன் விளைவு கதையில் தெரிந்தது. பெண்டர்சுக்குப் பின் எழுதிவந்த இயன் ஃபிளின், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே எக்கிட்னா குலத்தினரைக் கதையிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. 2013இல் காப்காம் நிறுவனத்தின் மெகா மேன் தொடருடன் இணைந்த உலகங்கள் மோதுகின்றன என்னும் தொடர்கதையின் முடிவில் சோனிக்கின் உலகமே மாற்றி எழுதப்பட்டது. இருபது ஆண்டுகளாக வளர்ந்த கதைமாந்தரில் பலர் அதன்பின் தோன்றவில்லை. அவர்களை யாரும் கொல்லவில்லை, அவர்களுக்கு விடைகொடுக்கும் காட்சியும் இல்லை. கதையின் உலகம் அவர்கள் பிறவாத உலகமாகிவிட்டது. பெண்டர்சு மட்டுமன்றி வேறு படைப்பாளர் உருவாக்கிய மாந்தரும் இவ்வாறு மறைந்தனர். 2016 இறுதியில் இதழ் நின்றது. 2017இல் உரிமம் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. புதிய உலகில் தொடங்கியிருந்த கதைகளும் அத்துடன் அறுந்தன. 2018இல் ஐடிடபிள்யூ நிறுவனம் தொடங்கிய புதிய சோனிக் வரைகதையையும் ஃபிளினே எழுதத் தொடங்கினார் எனினும், பழைய ஆர்ச்சி மாந்தர் எவரும் அதில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இவ்வழக்கிற்கு ஒரு கிளையும் உண்டு. பயோவேர் நிறுவனம் உருவாக்கிய சோனிக் குரோனிக்கில்சு என்னும் ஆட்டம் 2008இல் வெளியானது. அதில் வரும் எக்கிட்னா கூட்டம் தம் படைப்பின் நகல் எனக்கூறிப் பெண்டர்சு சேகா மீதும் எலக்ட்ரானிக் ஆர்ட்சு மீதும் வழக்குத் தொடர்ந்தார். அது தள்ளுபடி செய்யப்பட்டது. அவ்வாட்டமோ நாயகர்கள் ஊர் திரும்பும்போது தங்கள் உலகம் பகைவன் வசமாகியிருக்கக் காணும் காட்சியுடன் முடிகின்றது. தொடர்ச்சி வெளிவரவே இல்லை.

பெண்டர்சு மீது சோனிக் வாசகரிடையே இன்றும் கடும் சினம் உண்டு. தங்களுக்குப் பிடித்த கதையை அவர் அழித்துவிட்டார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆனால் ஒப்பந்தத்தைப் பேணிக்காக்க வேண்டிய கடமை ஆர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. தனியொருவரின் பிடிவாதத்தைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு ஒரு நிறுவனத்தின் கோப்பறையைப் பற்றிப் பேசப்படவில்லை. மறுபுறம், சேகாவின் கதைமாந்தர் இன்றி அக்குலமே தோன்றியிருக்காது என்ற வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அனுமதியுடன் உருவான வழிப்படைப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பகுதிக்குத் தனி உரிமை தோன்றுமா என்பது உரிம ஒப்பந்தம் என்ன சொல்கின்றது என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் சோனிக் த காமிக் என்ற பெயரில் தனி இதழ் ஒன்று 1993 முதல் 2002 வரை வெளிவந்தது. இதனை வெளியிட்டது மேற்கூறிய ஃப்ளீட்வே ஆகும். இதன் இறுதி ஆண்டுகளில் புதிய கதைகள் நிறுத்தப்பட்டுப் பழைய கதைகளே மறுபதிப்பாயின. பின்னர் வாசகர்கள் தாமே இணையத்தில் அதனைத் தொடர்ந்து வரைந்தனர்.

இரத்தப் படலம்

நிகழ்பட ஆட்டமும் சிவகாசியும் நேரடியாகச் சந்திக்கும் இடம் இரத்தப் படலம் ஆகும். பெல்சியத்தைச் சேர்ந்த சான் வான் ஆம் எழுத்திலும் வில்லியம் வான்சு ஓவியத்திலும் 1984இல் தொடங்கிய பிரெஞ்சு மொழித் தொடரின் தமிழ் வடிவமே இது. நினைவிழந்து கடற்கரையில் ஒதுங்கும் ஒருவன் தன் உடலில் பச்சை குத்தப்பட்டுள்ள 13 என்னும் உரோம எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு தான் யார் எனத் தேடுவதும், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கொலைச்சதியில் தன் பெயர் சிக்கியிருப்பதைக் காண்பதும் கதை. மூலத் தொடரின் தலைப்பும் அவ்வெண்ணே.

லயன் காமிக்ஸ் இதனை 1980களிலேயே தமிழில் தொடங்கியது. மூலத்தில் முதற் சுற்று 2007 நவம்பரில் 19ஆம் தொகுதியுடன் முடிந்தது. முதல் தொகுதியைத் தமிழில் படித்த பள்ளி மாணவர் முடிவைத் தமிழில் படிக்கும்போது நடுத்தர வயதினராகி இருந்தார். 2010இல் 18 பாகங்கள் ஒரே நூலாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிடப்பட்டன. 19 தொகுதிகளில் 13ஆவது தொகுதி பெரும்பாலும் உரைநடையில் அமைந்த புலனாய்வுத் தொகுப்பு என்பதால் கதைப் பாகங்கள் 18 ஆயின. 2018இல் வண்ணப் பதிப்பு வெளிவந்தது. வான்சு அவ்வாண்டு மே மாதத்தில்தான் காலமாகியிருந்தார்.

இதே கதையைத் தழுவி யுபிசாஃப்ட் நிறுவனம் 2003 நவம்பரில் ஒரு நிகழ்பட ஆட்டத்தை வெளியிட்டது. வரைகதை போலவே தோன்றும் தட்டையான நிறங்களும், ஒலிகளை எழுத்தாகவே திரையில் காட்டும் முறையும் பாராட்டப்பட்டன. முதல் ஐந்து தொகுதிகளே இதற்கு அடிப்படை. சதிக்கூட்டத்தின் தலைவன் யார் என்பதை நாயகன் உணரும் கணத்தில் தொடரும் என்ற சொல்லுடன் ஆட்டம் முடிகின்றது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லாததால் அது தொடரவில்லை. 2020இல் மைக்ராய்ட்சு நிறுவனம் இவ்வாட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோதும் பழைய கதையே மீண்டும் சொல்லப்பட்டது. அப்பதிப்பு வரவேற்பைப் பெறவில்லை. ஆட்டத்தில் மட்டும் இக்கதையை அறிந்தவருக்கு முடிவு கிடைக்கவே இல்லை. நூலாகப் படித்தவருக்குக் கிடைத்தது. அந்த வகையில் தமிழ் வாசகர் நல்வாய்ப்புப் பெற்றவர் எனலாம்.

முதற் சுற்றுக்குப் பின் வான் ஆம் விலகிக்கொண்டார். உடல்நலக் குறைவால் வான்சும் ஓய்வு பெற்றார். 2011 முதல் ஈவ் சாந்து எழுத்திலும் யூரி சிகுனோவ் ஓவியத்திலும் இரண்டாம் சுற்று தொடர்ந்தது. சோனிக் வழக்கில் நேர்ந்தது போன்ற முறிவு இங்கு ஏற்படாதது குறிப்பிடத்தக்கது.

கேப்டன் டைகர்

முத்து காமிக்சில் கேப்டன் டைகர் என அறியப்படும் நாயகனின் பிரெஞ்சுப் பெயர் புளூபெரி ஆகும். சான்-மிசேல் சார்லியே எழுத்திலும் சான் சிரோ ஓவியத்திலும் 1963இல் பிலோத் இதழில் இத்தொடர் தொடங்கியது. தமிழ் வாசகர் மின்னும் மரணம் என்ற பெயரில் அறிந்த பெருங்கதை, கூட்டமைப்பினரின் புதைபொன்னைத் தேடுவதில் தொடங்கி, நாயகன்மீது பொய்ப்பழி விழுந்து, அது துடைக்கப்படுவது வரை நீள்கின்றது.

இக்கதையின் நடுவே பெரிய இடைவெளி ஒன்று உள்ளது. உரிமத்தொகை தொடர்பாகப் படைப்பாளர் இருவருக்கும் பதிப்பாளரான தர்கோ நிறுவனத்திற்கும் இடையே ஏற்பட்ட பிணக்கால், 1975க்குப் பிறகு சில ஆண்டுகள் புதிய கதை வரவில்லை. குடியரசுத் தலைவரைக் கொல்ல முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நாயகன் தப்பியோடிய நிலையிலேயே வாசகர் விடப்பட்டனர். அவ்விடைவெளியில் படைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கே உரிமையுள்ள சிம் கட்லசு என்னும் வேறொரு நாயகனை உருவாக்கினர். 1979இல் கதை மீண்டும் தொடங்கியது, ஆனால் பின்னர் பல பதிப்பகங்களுக்கு மாறிச்சென்றது. 1989இல் சார்லியே காலமானபோது அரிசோனா காதல் என்னும் பாகம் பாதி எழுதப்பட்டிருந்தது. அதனைச் சிரோ தாமே எழுதி 1990இல் முடித்தார். இப்பதினோரு பாகங்களும் 2015இல் தமிழில் ஒரே வண்ணத் தொகுப்பாக வெளிவந்தன. பிரான்சில் பதினெட்டு ஆண்டுகள் தவணை தவணையாகக் காத்திருந்து படிக்கப்பட்ட கதை அது.

சிரோ பின்னர் வயது முதிர்ந்த புளூபெரியைக் கொண்டு புதிய தொடர் ஒன்றைத் திட்டமிட்டார். ஓவியராகப் பிரான்சுவா பூக் அமர்த்தப்பட இருந்தார். சார்லியேயின் வாரிசு அதற்கு உடன்படவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் படைப்பாளரின் தார்மிக உரிமை காலவரையற்றது, விற்க முடியாதது, வாரிசைச் சேர்வது. எனவே நாயகனை முதன்முதலில் வரைந்தவராலேயே அவனைத் தாம் விரும்பியவாறு முதுமைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. சிரோ 2012இல் காலமானார். படைப்பாளர் உரிமை எப்போதும் கதை முற்றுப்பெறவே துணைபுரியும் என எண்ணுவோர் இந்நிகழ்வை நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தியச் சட்ட நிலை

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வரைகதையின் எழுத்து இலக்கியப் படைப்பாகவும் ஓவியம் கலைப்படைப்பாகவும் பாதுகாக்கப்படுகின்றன. கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள்ளேயே அடங்கும். ஆட்டத்தின் நிரலும் ஆட்டத்தைத் தழுவிய கதையும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பிரிவு 17இன்படி முதல் உரிமையாளர் படைப்பாளரே. பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியராக இருந்து செய்த படைப்பு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியமர்த்தியவரைச் சேரும். பிரிவு 19 வரைகதை எழுத்தாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். மாற்றிப் பெற்றவர் ஓராண்டிற்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாத வரையில், அது காலாவதியாகும். பாதியில் நிறுத்தி வைக்கப்பட்ட கதையை எழுதியவர் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு இதுவே. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அக்கதவை ஒரு வரியில் மூடிவிடுகின்றன.

பிரிவு 57 படைப்பாளரின் சிறப்புரிமைகளைக் கூறுகின்றது. உரிமையை விற்ற பின்னரும், தாமே படைப்பாளர் எனக் கோரவும், தம் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் திரிபுகளைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமடைந்த சுவர்ச்சிற்பம் தொடர்பாக அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாக நிலைநாட்டியது. புளூபெரி டைகராகவும் லூயி கிராண்டெல் மாயாவியாகவும் பெயர் மாறியது திரிபு ஆகுமா என்று கேட்கலாம். இத்தகைய பெயர் மாற்றங்களை உரிமம் வழங்குவோர் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றனர். நற்பெயருக்கு ஊறு ஏற்பட்டால் மட்டுமே பிரிவு செயற்படும்.

இந்திய வரைகதைகள் தொடர்பான இரு வழக்குகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. நாகராசு என்னும் பாம்பு நாயகனைப் போன்று நாகேசு என்னும் நாயகனை வேறொரு பதிப்பகம் வெளியிட்டபோது, ராசா பாக்கெட் புக்சு தொடர்ந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. மற்றொன்று இராசபாளையத்திற்கு மேற்கே, மலைக்கு அப்பால் நிகழ்ந்தது. டாம்சு என அறியப்பட்ட கேலிச்சித்திர ஓவியர் வி. டி. தாமசு, தாம் உருவாக்கிய போபனும் மோளியும் என்னும் மாந்தரை மலையாள மனோரமா வார இதழில் பல ஆண்டுகள் வரைந்துவந்தார். 1987இல் அவர் விலகியபின், அம்மாந்தரைத் தொடர்ந்து வரையும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. பணியில் சேர்வதற்கு முன்பே அம்மாந்தரை அவர் உருவாக்கியிருந்தார் என்பதைக் கருத்திற்கொண்ட கேரள உயர் நீதிமன்றம், விலகிய பின் அவர் வரைவதை இதழ் தடுக்க இயலாது என 1988இல் தீர்ப்பளித்தது. பணிக்காலத்தில் வரைந்த படங்கள் வேறு, மாந்தர் வேறு எனப் பிரித்துப் பார்த்த இத்தீர்ப்பு, பெண்டர்சு எழுப்பிய வினாவிற்கு இந்தியாவில் ஏற்கனவே கிடைத்திருந்த ஒரு விடை எனலாம்.

திருவில்லிபுத்தூர் நீதிமன்றம்

பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62 வழக்காடும் இடத்தைப் பற்றியது. பொதுவான உரிமையியல் வழக்குகளில் வழக்குத் தொடுப்பவர் எதிராளியின் ஊரையோ வழக்கிற்கான காரணம் எழுந்த இடத்தையோ தேடிச்செல்ல வேண்டும். பதிப்புரிமை மீறல் வழக்கிலோ, வழக்குத் தொடுப்பவர் தாம் வாழும் அல்லது தொழில் புரியும் இடத்திற்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். படைப்பாளர் பெரும்பாலும் பொருள்வலிமை குறைந்தவர் என்பதால் அளிக்கப்பட்ட சலுகை இது. இதன்படி சிவகாசியில் தொழில் புரியும் பதிப்பகமோ இராசபாளையத்தில் வாழும் ஓவியரோ தம் உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். மீறியவர் மும்பையில் இருந்தாலும் அதுவே நிலை. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்திற்குப் பின், குறிப்பிட்ட மதிப்பிற்கு மேற்பட்ட அறிவுசார் சொத்து வழக்குகள் மாவட்ட அளவிலான வணிக நீதிமன்ற முறையில் விசாரிக்கப்படுகின்றன. மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும்.

எனினும் சிவகாசிப் பதிப்பகங்கள் பிரெஞ்சு, இத்தாலிய, ஆங்கில நிறுவனங்களுடன் செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தங்களில் பிணக்கு எழுந்தால் இச்சலுகை அவ்வளவாக உதவாது. எந்த நாட்டுச் சட்டம், எந்த நீதிமன்றம் என்பதை இத்தகைய ஒப்பந்தங்களில் உரிமம் வழங்குபவரே பெரும்பாலும் வரையறுக்கின்றார்.

திருவில்லிபுத்தூர் பால்கோவாவிற்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வுரிமை ஊரைச் சார்ந்தது. ஊரில் முறைப்படி செய்வோர் பதிவு பெற்று அப்பெயரைப் பயன்படுத்தலாம், காலவரையின்றிப் புதுப்பிக்கவும் செய்யலாம். வரைகதைக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அரை நூற்றாண்டாக இரும்புக்கை மாயாவியைத் தமிழில் வளர்த்த ஊர் என்பதற்காகச் சிவகாசிக்கு அவன்மீது எவ்வுரிமையும் தோன்றிவிடாது.

தமிழ்ப் பதிப்புகள் நின்றுபோகும் முறை

ஒரு தமிழ்ப் பதிப்பு முற்றுப்பெறாமல் நிற்பதற்கு மூலமே நின்றுபோவது மட்டும் காரணமன்று. உரிமம் பொதுவாக மொழி, நிலப்பரப்பு, காலம், தொகுதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் வரையறுக்கப்படுகின்றது. பத்துத் தொகுதிகள் கொண்ட தொடரில் மூன்றிற்கு மட்டும் உரிமம் பெற்று வெளியிட்டு, விற்பனை குறைந்தால் எஞ்சியவை வாங்கப்படுவதில்லை. சிறிய அச்சுப்படிகளைக் கொண்ட தமிழ்ச் சந்தைக்கு இது பெரும் இடர். சந்தாவும் முன்பதிவும் இதற்கு ஓரளவு தீர்வாக அமைந்தன. முன்பணம் செலுத்திய வாசகரின் எண்ணிக்கையைக் கொண்டே பெருந்தொகுப்புகளை வெளியிடலாமா என முடிவு செய்யும் முறை 2012க்குப் பிந்தைய சிவகாசிப் பதிப்புகளில் வழக்கமாயிற்று. மூலத்தில் நின்றுபோன கதைக்கு இம்முறை எதுவும் செய்ய இயலாது. ஆலோ சோன்சு தொடரை நாளை தமிழில் வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்தாலும், மூன்றாம் பாகத்திற்கு மேல் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.